கடல் கேள்வி – பதில்

கேள்வி: பவளப் பூச்சிக்குள் வாழும் பாசியைத் தனியே வளர்க்க முடியுமா? (தூத்துக்குடி வாசகி)

முடியும். ஆனால் பவளத்தில் தொடங்காதீர்கள். அது 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட உயிர். நான் கடல்மீன் தொட்டியில் களைபோல் மண்டும் எய்ப்டேசியா என்ற சின்னக் கடல் சாமந்தியில்தான் பழகினேன்; அதற்குள்ளும் இதே மாதிரிப் பாசி வாழ்கிறது.

அதன் வாயைச் சுற்றியுள்ள இழைகளில் இரண்டை நறுக்கி, வடிகட்டிய கடல்நீரில் நசுக்கி, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றிப் பிரிக்கும் கருவியில் மெதுவாகச் சுற்றினால் அடியில் பழுப்பாக ஒரு பொட்டு படியும்; அதுதான் பாசி. மேல்நீரைக் கொட்டிவிட்டு ஐந்தாறு தடவை கழுவ வேண்டும். அப்புறம் ‘எஃப் பை டூ’ ஊட்டக் கரைசல், 25 டிகிரி, மங்கலான விளக்கு. டயாட்டம் என்ற வேறு நுண்பாசி தலையெடுக்காமலிருக்கத் துளி ஜெர்மேனியம் டை ஆக்சைடு.

முதலில் பாசிச் செல்கள் உருண்டையாகச் சும்மா கிடக்கும். ஒரு நாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்; சில செல்கள் மேலுறையை உதறிவிட்டு, இரண்டு கசையிழைகளால் சுழன்று நீந்தின. கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் கவனம்: குடுவையில் செழிப்பது, உயிருக்குள் பெரும்பான்மையாக இருந்த வகைதான் என்று நம்பிவிடாதீர்கள். சிறுபான்மை வகை முந்திக்கொள்வது சகஜம். நுண்குழாயால் ஒற்றைச் செல்லைப் பிடித்துத் தனியாக வளர்த்து, டி.என்.ஏ. பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.