ஸ்லாவிய மொழிகளில் (ரஷ்யம், செக், பல்கேரியம்) சொல்வரிசை: கேள்வி பதில்

கேள்வி: சார், ரஷ்ய மொழியில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வேற்றுமை உருபு இருப்பதால் யார் செய்தது, எதைச் செய்தது என்பது குழம்பாது. அந்த அளவுக்கு உண்மை. ஆனால் சொல்ல வந்த சேதி மாறிவிடும். ‘இவான் ப்ரச்சித்தால் க்னீகு’ என்பது, இவான் என்ன செய்தான் என்று கேட்டவருக்கான பதில்: புத்தகத்தைப் படித்து முடித்தான். ‘க்னீகு ப்ரச்சித்தால் இவான்’ என்றால், புத்தகத்தைப் படித்தது யார் என்று கேட்டவருக்கு: இவான்தான். தெரிந்தது முன்னால், புதியது கடைசியில். செக் மொழியில் இதை ஆழமாக ஆராய்ந்தவர், 1926இல் பிராக் மொழியியல் வட்டத்தைத் தொடங்கிய விலேம் மதேசியுஸ். பேச்சில் குரலை அழுத்தியும் இதைக் காட்டலாம். எழுத்தில் வரிசைதான் பெரிய துணை. ஆகவே ‘சுதந்திரமான சொல்வரிசை’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் பாடங்களை நம்பாதீர்கள்.

கேள்வி: பல்கேரியத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமையே இல்லையே?

பதில்: அதனால் செயப்படுபொருள் முன்னால் வரும்போது, அதையே சுட்டும் ஒரு குட்டிச் சொல்லை வினையோடு சேர்ப்பார்கள். ‘க்னீகத்தா யா ப்ரோச்செத்தெ இவான்’, புத்தகத்தை இவான் படித்து முடித்தான். அந்த ‘யா’தான் புத்தகத்தைச் சுட்டுகிறது.

கேள்வி: செக் படிக்கிறேன். ‘ய்செம்’, ‘ஹோ’ எங்கே வரும் என்றே பிடிபடவில்லை.

பதில்: இரண்டாம் இடம். ‘ய்செம்’ இறந்தகாலத்தில் ‘நான்’ என்று காட்டும் துணைச்சொல், ‘ஹோ’ என்றால் ‘அவனை’. ‘வ்ச்செரா ய்செம் ஹோ விதியெல்’, நேற்று அவனைப் பார்த்தேன். ‘நேற்று’ கடைசிக்குப் போனால் ‘விதியெல் ய்செம் ஹோ வ்ச்செரா’. மற்றவை இடம் மாறினாலும் இவை அசையவில்லை, பார்த்தீர்களா? இடத்தை எண்ணும்போது சொல்லாக எண்ணாதீர்கள். ‘என் தம்பி’ போன்ற தொடர் முழுவதும் ஓர் இடம். துணைவாக்கியத்தில் ‘ஜெ’ (நம் ‘என்று’ போல) என்ற இணைப்புச்சொல்லே முதலிடம், உடனே இவை: ‘ஜெ ய்செம் ஹோ வ்ச்செரா விதியெல்’. பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இந்த வழக்கத்தை மொழியியலாளர் யாக்கோப் வாக்கர்நாகல் 1892இலேயே விளக்கிவிட்டார்.

கேள்வி: அப்போ ஜெர்மன் மாதிரி துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகுமா?

பதில்: அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மேலே கடைசியில் வந்தது தற்செயல்.

கேள்வி: ‘நான் பார்த்த பையன்’ என்று பெயரெச்சம் போல ரஷ்யத்தில் சொல்ல முடியுமா?

பதில்: வழக்கமாகப் பெயருக்குப் பின்னால்தான்: ‘மால்ச்சிக், கத்தோரவா யா வீதெல்’ (இங்கே ‘யா’ என்றால் ‘நான்’). ‘கத்தோரி’ என்ற சொல் பாலையும் எண்ணையும் பையனிடமிருந்து வாங்கும். வேற்றுமையைத் தன் துணைவாக்கியத்திலிருந்து வாங்கும். இங்கே ‘பார்த்தேன்’ என்ற வினை இரண்டாம் வேற்றுமையைக் கேட்பதால் ‘கத்தோரவா’. காற்புள்ளி கட்டாயம். நம் முறைக்கு நெருக்கமானதும் ஒன்று உண்டு: ‘சித்தாயுஷி க்னீகு மால்ச்சிக்’, புத்தகம் படிக்கும் பையன். இதில் காற்புள்ளி கிடையாது. எழுத்து நடையில் பார்க்கலாம்; பேச்சில் அரிது.

கேள்வி: ‘வருவேன் என்று சொன்னான்’ என்பதை ரஷ்யத்தில் சொன்னால் காலம் மாறுமா?

பதில்: மாறாது. ‘வருவேன்’ என்பது ‘வருவான்’ ஆகும்; ‘சொன்னான்’ இறந்தகாலம் என்றாலும் அந்த ‘வருவான்’ எதிர்காலமாகவே நிற்கும். ஆங்கிலப் பழக்கத்தில் அதை இறந்தகாலத்துக்கு இழுக்காதீர்கள்.