5 வாட்டை வைத்துக்கொண்டு காண்டெஸ்ட் நேரத்தில் மலை ஏறலாமா?

கேட்டவர் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகிறதாம், மோர்ஸ் ஓரளவு வருமாம், கையில் இருப்பது 5 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ பெட்டி). நவம்பர் கடைசியில், உலகெங்கும் உள்ள ஹாம்களோடு தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் சி.கியூ. வேர்ல்ட் வைடு மோர்ஸ் போட்டிக்கு ஏற்காடு மாதிரி ஓர் இடத்துக்குப் போனால் யாராவது பதில் தருவார்களா, கிலோவாட் ஆட்களுக்கு நடுவில் அமுங்கிப்போவோமா என்பது கேள்வி.

தாராளமாகப் போங்கள். 5 வாட்டுக்கு வருடத்தில் இதைவிட நல்ல சனி ஞாயிறு கிடைக்காது. சாதாரண நாளில் நீங்கள் சி.கியூ. (யாராவது பேசுங்கள் என்ற பொது அழைப்பு) போட்டுக்கொண்டே இருந்தாலும் சீந்த ஆள் இருக்காது. போட்டியில் எதிர்முனைக்காரருக்கு நீங்கள் வேண்டும். ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைப் பட்டை) ஒரு புது நாடு, ஒரு புது ஸோன் (போட்டிக்காக உலகைப் பிரித்த பகுதி) கிடைத்தால் அவர் மொத்தப் புள்ளியின் பெருக்கல் எண் ஏறும். இந்தியா 22ஆம் ஸோன், இங்கிருந்து போட்டியில் உட்காருகிறவர்கள் ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் 'வி.யூ.' (நம் கால்சைன், அதாவது நிலைய அடையாளக் குறி, இப்படித் தொடங்கும்) என்று பாதி காதில் விழுந்தாலே மனிதர் மற்றவர்களை நிறுத்திவிட்டு உங்களைத் தேடுவார். அவர் கோபுரத்தில் அடுக்கி வைத்திருக்கும், ஒரே திசையைக் குறிவைக்கும் யாகி ஆன்டெனா அவர் அனுப்புவதற்கு மட்டுமா? உங்கள் 5 வாட்டைப் பொறுக்கி எடுப்பதும் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபல். ஒரு எஸ் யூனிட் (சிக்னலின் பலத்தை ரிசீவர் காட்டும் அளவு) 6 டெசிபல். ஆக, 100 வாட்காரர் எஸ் 9இல் கேட்கிற இடத்தில் நீங்கள் எஸ் 7க்குக் கொஞ்சம் கீழே கேட்பீர்கள், அவ்வளவே. எஸ் 7 நன்றாகவே கேட்கும்.

அப்படியானால் வீட்டு மாடியிலிருந்தே செய்யலாமே என்பீர்கள். அனுப்புவதற்குப் பெரிய வித்தியாசம் இல்லைதான், கேட்பதில்தான் மலை தேவைப்படுகிறது. நகரத்தில் பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து 40 மீட்டர் அலைநீளப் பேண்டில் எஸ் 7 அளவுக்கு இரைச்சல் போடும். அதற்கடியில் இருப்பது எதுவும் உங்களுக்கு இல்லை. ஏற்காட்டில் ஊரையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி ஒரு காப்பித் தோட்டத்தில் ஹெட்போனை மாட்டுங்கள். பேண்ட் செத்துவிட்டதோ, ஆன்டெனா கழன்றுவிட்டதோ என்று முதலில் சந்தேகம் வரும். அப்புறம்தான் அந்த அமைதிக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனாக வெளியே வரும்.

இடம் பார்க்கும்போது வடமேற்காகச் சரியும் பக்கமாகப் பாருங்கள். நமக்கு ஐரோப்பா அந்தத் திசை. ரிசர்வ் காட்டுக்குள் மட்டும் போகவே போகாதீர்கள், தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். உரிமத்தின் அசலும் ஒரு நகலும் பையில் இருக்கட்டும். வெளியிடத்தில் இயக்குவது பற்றி அதில் என்ன போட்டிருக்கிறது என்றும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். கம்பி கட்டுவதைப் பார்த்தால் ஆட்கள் வருவார்கள். "என்ன சார், ரோட்டுக்கு சர்வே எடுக்கிறீங்களா? எங்க நிலம் போகுதா?" என்று ஒரு பாட்டி என்னிடம் வந்து நின்றார். ஹெட்போனைக் கொடுத்து இரண்டு நிமிடம் கேட்கச் சொன்னேன். "இது என்ன, பூச்சி கத்துது" என்றார். ஆனால் நிலம் போகாது என்று நம்பிவிட்டார்.

ஆன்டெனா விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எனக்குப் பிடித்தது ஒரு முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி: ஏறக்குறைய 20 மீட்டர் ஒயர், அடியில் அதை ரிக்குக்குப் பொருத்தும் 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். 40, 20, 15, 10 மீட்டர் என நாலு பேண்டும் அதிலேயே ஓடும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் நெட்டென்று வளர்ந்திருக்கும், கல் கட்டிய தூண்டில் நரம்பை அதன் கிளைக்கு மேல் எறிந்து ஒயரை இழுத்துவிடலாம். மிளகுக்கொடி ஏறிய மரத்தை விட்டுவிடுங்கள், கொடி அறுந்தால் தோட்டக்காரர் அடுத்த முறை உள்ளே விடமாட்டார். ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்கு, எடை குறைவு என்று மெலிந்த ஆர்.ஜி. 174 கேபிளை நீளமாக இழுக்காதீர்கள். 10 மீட்டர் நீளத்துக்கு 28 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒன்றரை வாட்டை அதுவே தின்றுவிடும், இருப்பதே 5 வாட்! அப்புறம் குரங்கு. டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைப் பழம் என்று நினைத்துப் பிடுங்கும், உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே வையுங்கள்.

பேட்டரியைக் காலி செய்வது பெரும்பாலும் ரிசீவர்தான். எஃப்.டி. 817 மாதிரி பழைய ரிக் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 0.4 ஆம்பியர் வரை இழுக்கும், அனுப்பும்போது 2 ஆம்பியர். மோர்ஸில் தேடித் தேடிக் கூப்பிடுகிறவர் அனுப்புவது பத்தில் ஒரு பங்கு நேரம்கூட இருக்காது. 6 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருந்தால் ஒரு பகல் பொழுது ஓடும். சோலார் கன்ட்ரோலர் கொண்டுபோகிறவர்கள் வீட்டிலேயே ஒரு தடவை ரிக் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பல கன்ட்ரோலர்கள் போடும் சத்தத்துக்கு நகரமே தேவலாம்.

போட்டி நம் நேரப்படி சனி காலை 5.30க்கு ஆரம்பித்து திங்கள் காலை 5.30 வரை. முதல் சில மணி நேரம் பெரிய புலிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அதில் தலையைக் கொடுக்காதீர்கள். நீங்களாக சி.கியூ. போடவும் வேண்டாம். பேண்டின் ஒரு முனையிலிருந்து மெதுவாக உருட்டி, பலமாகக் கேட்கிறவரை மட்டும் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று தடவையில் எடுக்கவில்லையா, அலைவரிசையை மெமரியில் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள், அரை மணி கழித்துக் கூட்டம் கலைந்திருக்கும். காலையில் ஜப்பான் பக்கம் எளிது, ஆனால் ஆசியாவுக்குள் வேறு நாட்டோடு பேசினால் 1 புள்ளிதான். ஐரோப்பாவுக்கு 3. மதியத்துக்கு மேல் 10, 15 மீட்டரில் ஐரோப்பா திறந்தால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்காதீர்கள். சக இந்தியருக்குப் புள்ளி 0, பெருக்கல் எண்ணுக்கு மட்டும் உதவும்.

நமக்கான நேரம் ஞாயிறு. அதற்குள் பெரிய ஸ்டேஷன்கள் எல்லோரையும் பேசி முடித்துவிட்டு, வெறும் பேண்டில் சி.கியூ. சி.கியூ. என்று அடித்துக்கொண்டிருக்கும். அப்போது மெலிதாக ஒரு புது கால்சைன் விழுந்தால் விடுவார்களா? 'வி.யூ.?' என்று ஒரு கேள்விக்குறி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு, பதறாமல் அதே வேகத்தில் முழு கால்சைனையும் இரண்டு தடவை அடியுங்கள். அப்புறம் '5என்என் 22', அதாவது 599 என்பதன் சுருக்கமும் நம் ஸோனும். உயிரைக் கொடுத்துக் கேட்டிருப்பார், ஆனாலும் உங்களுக்கு 599 (அருமையாகக் கேட்கிறது) என்றுதான் ரிப்போர்ட் கொடுப்பார். போட்டியில் அந்தப் பொய்தான் மரியாதை.

நவம்பர் என்பதால் வடகிழக்குப் பருவமழையை மறக்க வேண்டாம். வானம் கறுக்கும் முன்பே 40 மீட்டரில் சடசடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் கேபிளைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு, கார் இருந்தால் காருக்குள் போய்விடுங்கள். எந்தப் பெருக்கல் எண்ணும் அதற்குமேல் உட்காரும் அளவுக்குப் பெரிதில்லை.

முடிந்ததும் பேசியவர்களின் பதிவை கப்ரில்லோ (போட்டிப் பதிவுக்கான கோப்பு) வடிவில் 5 நாளுக்குள் போட்டித் தளத்தில் ஏற்றிவிடுங்கள். பவர் என்ற இடத்தில் கியூ.ஆர்.பி. (5 வாட்காரர்களின் பிரிவு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், லோ பவர் என்று போய்விட்டால் 100 வாட்காரர்களோடு சேர்த்து வரிசைப்படுத்திவிடுவார்கள்.