தாய்லாந்துத் தீவுகளும் நம் பணமும்: வாசகர் கேள்வி-பதில்

புக்கெட், கிராபி, கோ சமுய் என்று தாய்லாந்தின் கடற்கரைகளுக்குப் போய்வந்தவர்களும் போகத் திட்டமிடுகிறவர்களும் எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே செய்தியைச் சொன்ன கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நீளமானவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: புக்கெட் போவதற்கு முன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்றார்கள். இணையத்தில் தேடி, முதலில் வந்த தளத்தில் குடும்பத்தில் நான்கு பேருக்கும் விண்ணப்பித்தேன். ஆளுக்கு 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது இலவசம் என்று இப்போது தெரிகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகி, ஈரோடு

பதில்: கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் இன்றே முயல வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர் அனைவரும் இந்த அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை அந்நாட்டுக் குடிவரவுத் துறையே நடத்துகிறது, ஒரு காசும் வாங்குவதில்லை. சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அரசுத் தளத்தின் முகவரி '.go.th' (ஜிஓ புள்ளி டிஎச்) என்ற எழுத்துகளில் முடியும். உங்களிடம் பணம் பறித்தவர்கள் அரசுச் சின்னத்தைப் போன்ற ஒன்றைத் தலைப்பில் வைத்து, தாங்கள் தனியார் என்பதைப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத சிறு எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் வங்கியில் அட்டைப் பரிவர்த்தனை குறித்து எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். இணைய நிதி மோசடிக்கான 1930 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் உண்மையிலேயே உங்களுக்காக நிரப்பினார்கள் என்று நம்பவேண்டாம். அரசுத் தளத்தில் நீங்களே நான்கு பேருக்கும் நிரப்பிவிடுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் விவரம் முதற்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் கையில் போயிருப்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

கேள்வி: பீ பீ தீவுகளுக்கு 'எல்லாம் சேர்த்து' என்று சொல்லி ஆளுக்கு 1,200 பாட் வாங்கினார்கள். படகுத்துறையில் மேலும் 400 பாட் கேட்டார்கள். இது மோசடிதானே?
வாசகர், மதுரை

பதில்: அது தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமாக இருந்து, அச்சிட்ட சீட்டும் தந்திருந்தால் மோசடி ஆகாது, பீ பீ தீவுகள் அடங்கிய பூங்காவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், சிறுவர்களுக்கு 200 பாட். உங்கள் ரசீதில் 'பூங்காக் கட்டணம் உட்பட' என்று இருந்தால் மட்டும் சண்டை போடுங்கள்.

கேள்வி: ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடாவுக்குப் படகுச் சவாரி என்று முன்பணம் கட்டிவிட்டோம். அங்கே நீந்தலாமா?
வாசகர், நாமக்கல்

பதில்: நீந்தவும் முடியாது, இறங்கவும் முடியாது. சீரழிந்த பவளப்பாறைகளைக் காப்பதற்காக 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில் திறந்த பிறகு, ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அந்த விரிகுடாவை மூடிவிடுகிறார்கள். இன்றே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: 'நவம்பர்தான் தாய்லாந்துக்குச் சீசன்' என்று சொல்லி, பயண முகவர் எங்களைக் கோ சமுய் தீவுக்கு அனுப்பினார். ஐந்து நாளும் அடைமழை. கோ தாவ் தீவுக்குப் போகவேண்டிய படகும் ஓடவில்லை. 1,80,000 ரூபாய் போயிற்று. 'இயற்கைக்கு நான் என்ன செய்யமுடியும்' என்கிறார் முகவர்.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த ஒரு பதிலைத் தேடித்தான் ஆண்டுதோறும் கடிதங்கள் வருகின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தாய்லாந்தின் தென்பகுதி ஒரு குறுகிய நிலத்துண்டு. அதன் மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, பீ பீ, கோ லாந்தா எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. கோ சமுய், கோ பாங்கான், கோ தாவ் ஆகியவை இந்தப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கரையை நனைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கும் கடலூருக்கும் மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான், நவம்பரை ஒட்டிய வாரங்களில் கோ சமுய் மீது கொட்டுகிறது. கேரளத்தில் மழை ஓயும்போது நமக்குத் தொடங்குவதைப் போலத்தான் அங்கும். மலேசியாவிலும் இதே கதை: நவம்பரில் மேற்குக் கரையின் லங்காவி தெளிந்து வரும், கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகளே மூடிக்கிடக்கும்.

ஆக, 'தாய்லாந்துக்குச் சீசன்' என்று ஒன்று கிடையாது. கரைக்கு ஒரு சீசன் உண்டு. இது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த முதல் பாடம். உங்கள் முகவருக்கும் தெரியும். நவம்பரில் புக்கெட் விடுதிகள் விலை ஏறிவிடும், கோ சமுய் விடுதிகள் பாதி விலைக்குக் கிடைக்கும். புக்கெட்டின் விலையை உங்களிடம் வாங்கிக்கொண்டு கோ சமுய் அறையைக் கொடுத்தால் அந்த வித்தியாசம் யார் பைக்குப் போகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மழை இயற்கைதான். மழைக்காலம் என்று தெரிந்தும் அதை மறைத்து 'சீசன்' என்று விற்றது வணிகம், அதற்கு விற்றவர்தான் பொறுப்பு.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. தவறான மாதத்தில் அனுப்பப்பட்ட பயணி, கட்டிய காசு வீணாகிவிடுமே என்று கொந்தளிக்கிற கடலில் படகேறத் துணிகிறார். 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கை இருந்தும் புக்கெட்டிலிருந்து கடலுக்குள் போன 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு பெரும் அலைகளில் கவிழ்ந்தது. அதில் சென்ற சீனப் பயணிகளில் 47 பேர் இறந்தார்கள். படகுக்காரர் சவாரியை ரத்து செய்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்; பணத்தை முகவரிடம் கேளுங்கள். ரத்தானால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்ற வரி ரசீதில் இல்லாத படகுச் சவாரிக்கு, எந்த மாதமாக இருந்தாலும், முன்பணம் கட்டாதீர்கள்.

இனி உங்கள் வழக்கு. 'நவம்பர் சீசன்' என்று முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரத் துண்டு, பணம் கட்டிய ரசீது, படகு ரத்தான அறிவிப்பு ஆகியவற்றைத் திரட்டுங்கள். முதலில் முகவருக்குப் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்பி, பதிலளிக்க 15 நாள் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பதியலாம். மசியாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். முகவரின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. தவறான தகவல் தந்து விற்றதும் சேவைக் குறைபாடும்தான் உங்கள் புகார் என்று தெளிவாக எழுதுங்கள்; மழையைப் பற்றிப் புகார் எழுதினால் தோற்றுவிடுவீர்கள்.

கேள்வி: புக்கெட்டில் என் தம்பி அரை மணி நேரம் ஜெட் ஸ்கி ஓட்டினான். திரும்பி வந்ததும் அடியில் கீறல் விழுந்துவிட்டது என்று 30,000 பாட் கேட்டு, பாஸ்போர்ட்டைத் தர மறுத்தார்கள். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டதால் 18,000 பாட் கொடுத்துவிட்டு வந்தோம்.
வாசகி, திருச்சி

பதில்: உங்கள் தம்பி மேல் தவறில்லை, இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கரைகளில் பல ஆண்டுகளாக நடந்துவரும் பறிப்பு இது. கீறல் பெரும்பாலும் பழையது. அது இருக்கும் இடம் வண்டியின் வயிற்றுப் பகுதி. வண்டி தண்ணீரில் மிதக்கும்வரை யார் கண்ணிலும் படாது. வாடகை முடிந்ததும் மணலில் இழுத்துப் போட்டுச் சாய்த்துக் காட்டும்போதுதான் தெரியும். போகிறவர்கள், ஏறுவதற்கு முன்பே கரையில் சாய்த்துக் காட்டச் சொல்லி, முன்பக்க மூக்கிலிருந்து பின்பக்கம் வரை, அடிப்பகுதி உட்பட, வாடகைக்கு விடுபவரும் படத்தில் தெரியும்படி காணொளி எடுக்க வேண்டும். எடுக்க விடாதவரிடம் வாடகைக்கு எடுக்கவே கூடாது.

பாஸ்போர்ட்டை எந்த வாடகைக்கும் ஈடாகக் கொடுக்காதீர்கள். அது இந்திய அரசின் உடைமை. அதை அடகு வைக்க நமக்கே உரிமையில்லை. நகலும் ஒரு சிறு வைப்புத்தொகையும் போதாது என்பவரை விட்டு விலகுங்கள். மிரட்டல் தொடங்கியதுமே, பேரம் பேசாமல், சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்; ஆங்கிலத்தில் பேசுவார்கள். அந்த எண்ணை அழுத்தும்போதே கேட்கிற தொகை குறைவதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பணத்தை அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கிக்கு எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மீட்பது கடினம். பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

கேள்வி: கிராபியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. பயணக் காப்பீடு இருந்தும் இழப்பீடு மறுக்கிறார்கள். என்னிடம் கார் ஓட்டும் உரிமம் இருக்கிறது. வாடகைக் கடைக்காரரும் உரிமம் எதையும் கேட்கவில்லை.
வாசகர், சென்னை

பதில்: கார் உரிமத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இரு சக்கர வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். ஊரில் அதே உரிமத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டினால் குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். கடல் தாண்டியதும் அது எப்படிச் சரியாகும்? நம் உரிமத்தில் இரு சக்கர வாகனத்துக்கான பிரிவு இருக்க வேண்டும்; அதை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும்; அது ஓராண்டு செல்லும். இவை இல்லாமல் ஓட்டி நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு இல்லை என்று பெரும்பாலான பயணக் காப்பீட்டு ஆவணங்களில் எழுதியிருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கும், படித்துப் பாருங்கள். வாடகைக் கடைக்காரர் உரிமம் கேட்கவில்லை என்கிறீர்கள். அவர் கேட்காததால் உங்கள் பொறுப்பு குறைந்துவிடாது. கால் விரைவில் குணமாகட்டும். இழப்பீடு கிடைக்கும் என்று சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

கேள்வி: படகில் போகும்போது கைப்பேசியைப் பாதுகாக்கும் தண்ணீர் புகாத உறைகளில் எது நல்லது?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: எது கெட்டது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்: படகு கிளம்பும் நேரத்தில் துறையில் விற்கிற உறை. கிராபியின் ஆவ் நாங் கடற்கரையில், ரைலே போகும் நீள்வால் படகுக்குக் காத்திருந்தபோது நானும் ஒன்று வாங்கினேன். ரைலேவுக்குச் சாலை கிடையாது, படகில்தான் போகவேண்டும்; போய்ச் சேர்ந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். இறங்கும்போது ஒரே ஓர் அலை அடித்தது. உறையின் வாய்ப்பகுதியில் இருந்த பிளாஸ்டிக் பட்டை ஒரு ஓரத்தில் மட்டும் சரியாகக் கவ்வாமல் இருந்திருக்கிறது. அந்த ஓரத்தின் வழியே உப்புத் தண்ணீர் புகுந்து கைப்பேசி அன்றே செத்தது. விற்றவர் பட்டையை அழுத்தி 'டக்' என்று ஒலி வரச் செய்து காட்டினார். ஒலி வருவது மட்டும் போதாது. ஊரிலேயே வாங்கி, உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது காகிதத்தின் மூலைகூட நனைந்திருக்கக் கூடாது. நனைந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். துறையில் வாங்கியதை யாரிடம் மாற்றுவது?

கேள்வி: தோலுக்குப் பூசும் வெயில் தடுப்புக் களிம்பை அங்கே பறிமுதல் செய்வார்களா?
வாசகி, சேலம்

பதில்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு என்பதால், அவை கலந்த களிம்புகளைத் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடைசெய்திருக்கிறார்கள். அபராதம் 1,00,000 பாட் வரை போகலாம். புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஏடிஎம்மில் 10,000 பாட் எடுத்தேன். 'ரூபாயிலா, பாட்டிலா' என்று கேட்டதற்கு நம் நாட்டுக் காசு என்று ரூபாயை அழுத்தினேன். வங்கிக் கணக்கில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கழிந்திருக்கிறது.
வாசகர், திருநெல்வேலி

பதில்: ரூபாயை அழுத்தினால், மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்குரிய வங்கி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும், அது எப்போதும் உங்களுக்கு நட்டமாகவே இருக்கும். அதற்கு மேல், வெளிநாட்டு அட்டையில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 220 பாட் அல்லது அதற்கும் மேல் தனிக் கட்டணம் பிடிக்கிறார்கள். நீங்களே ஒப்புக்கொண்டு அழுத்தியதால் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்க இயலாது. அடுத்த முறை, சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுக்காமல் தேவையானதை ஒரே முறையில் எடுங்கள். மாற்று விகிதம் காட்டும் திரை வந்தால் ஏற்க மறுத்து, பாட்டிலேயே கழிக்கச் சொல்லுங்கள். விடுதியிலும் கடையிலும் இதே கேள்வியை அட்டை இயந்திரம் கேட்கும். சில இடங்களில் கடைக்காரரே உங்களைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவார். ரசீதில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் கையெழுத்திடாமல், அதை ரத்து செய்து பாட் கணக்கில் மறுபடி போடச் சொல்லுங்கள்.