மகன் சிங்களத்தில் பதில் சொல்கிறான்

கேள்வி: நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், கணவர் சிங்களவர். நான்கு வயது மகனுடன் பிறந்த நாள் முதல் தமிழில்தான் பேசுகிறேன். எல்லாம் விளங்கினாலும் அவன் சிங்களத்திலேயே பதில் சொல்கிறான். இரண்டு மொழிகள் அவனைக் குழப்பும், வீட்டிலும் சிங்களமே பேசுங்கள் என்கிறார் முன்பள்ளி ஆசிரியை. தோட்டத்திலிருக்கும் என் அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. தமிழை நிறுத்திவிடுவதா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. "அம்மே, சோறு ஓன" (அம்மா, சோறு வேண்டும்) என்று கலந்து பேசுவதும் குழப்பமன்று. கையிலுள்ள சொற்களைக் கொண்டு காரியத்தை முடிக்கும் கெட்டித்தனம். (இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியும் பேச்சு மிகக் குறைவாக இருந்தால் மட்டும் செவிப் பரிசோதனை செய்து, பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள்.)

தந்தை ஒரு மொழியும் தாய் இன்னொரு மொழியுமாகப் பேசி வளர்க்கும் முறை பழையது. பிரெஞ்சு அறிஞர் ஜூல் ரோன்ஜா, தாம் பிரெஞ்சிலும் மனைவி ஜெர்மனிலும் பேசி வளர்த்த மகன் இரண்டையும் கற்ற விதத்தை 1913 இல் நூலாக எழுதினார். ஆயினும் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களை ஆராய்ந்து 2007 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் பெற்றோர் பேசிய சிறுபான்மை மொழியைப் பேசவில்லை.

உங்களுக்குச் சிங்களம் விளங்கும் என்பது மகனுக்குத் தெரியும். ஆகவே தமிழ் பேச அவனுக்குத் தேவை எழவில்லை. அந்தத் தேவையை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். "வத்துர ஓன" (தண்ணீர் வேண்டும்) என்று கேட்டால், உடனே எடுத்துக் கொடுக்காமல், "சுடுதண்ணியா, பச்சைத்தண்ணியா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று தலையாட்டி முடித்துவிட முடியாத கேள்வி, ஒரு தமிழ்ச் சொல்லையாவது வெளியே கொண்டுவரும். சொல்லைத் தவறாக உச்சரித்தால் திருத்தாமல், சரியான வடிவத்தில் திருப்பிச் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் மனந்திறந்து கேட்கிறேன்: பஸ்ஸிலும் கடையிலும் மகனுடன் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்களா? மலையகப் பெண்கள் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதற்குக் காரணமான அச்சத்தையும் நான் அறிவேன். 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது என்பதைப் பிள்ளை அறியமாட்டான். அம்மா எந்த மொழியில் கிசுகிசுக்கிறாள் என்பதை மட்டும் நன்றாகக் கவனிப்பான். நகரிலும் வீட்டுக் குரலிலேயே பேசுங்கள். நீங்கள் பேசுவது தமக்குப் புரியவில்லையே என்று கணவர் வருந்தினால், மகனோடு சேர்ந்து அவரும் கற்கட்டும்.

ஏப்ரலில் இரு வீட்டாருக்கும் புத்தாண்டு. அந்த விடுமுறையில் சில நாட்கள் மகனை அம்மாயியிடம் (உங்கள் அம்மாவிடம்) விடுங்கள், உடனிருந்து மொழிபெயர்க்காதீர்கள்.