பந்தி முடிந்ததும் கேட்ட கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஏழைச் சிறுவர்களைப் பழைய போர்க்கப்பல்களில் தங்கவைத்து மாலுமிகளாகப் பழக்கினார்கள் என்று படித்தேன். தருமம் என்ற பெயரில் கடற்படைக்கு ஆள்பிடித்த வேலைதானே இது? அடுத்த மாதம் லண்டன் போகிறேன். அந்தக் கப்பல்களில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்தக் கப்பல்களில் ஒன்று வரக் காரணமான ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

மிச்சம் கேட்டீர்கள். கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில், லோயர் அப்னோரில், அவற்றில் ஒன்றான 'அரெதூசா' கப்பலின் முகப்புச் சிலை நிற்கிறது. போய்ப் பாருங்கள்.

ஆனால் 'ஆள்பிடித்த வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. 1756-இல் ஜோனாஸ் ஹான்வே மரைன் சொசைட்டியைத் தொடங்கிய காலத்துக்கு அது பொருந்தும். போர் நடந்தது, கடற்படைக்கு ஆள் வேண்டியிருந்தது, கந்தல் கட்டிய பையன்களுக்கு உடுப்பு மாட்டி அனுப்பினார்கள். நூறாண்டு கழித்து வந்தவை வேறு. மெர்சி ஆற்றில் நின்ற 'அக்பர்' நீதிமன்றம் தண்டித்த பையன்களுக்கு. தேம்ஸில் 'கோலியாத்' ஊர் வரிப்பணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு. கிரீன்ஹித்தில் 'சிச்செஸ்டர்' போக்கிடமில்லாதவர்களுக்கு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். கடற்படையும் இவர்களுக்காக ஏங்கிக் கிடக்கவில்லை. உயரம் பார்த்தது, மார்பளவு பார்த்தது. பட்டினியில் வளர்ந்தவனுக்கு மார்பு எங்கிருந்து வரும்? பலர் சரக்குக் கப்பல்களுக்குத்தான் போனார்கள்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 1866 பிப்ரவரியில் ஓர் இரவு. லண்டன் செயின்ட் ஜைல்ஸில் வீடற்ற பையன்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். பந்தி முடிந்ததும் ஷாஃப்ட்ஸ்பரி கேட்டார்: தேம்ஸில் பெரிய கப்பல் ஒன்று நின்றால், அதில் தங்கித் தொழில் கற்க வருவீர்களா? கைகள் மளமளவென்று உயர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சிச்செஸ்டர் வந்துவிட்டது.

நான் விடுதியில் வளர்ந்தவன். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது ஒருவர் தன் தகப்பனார் திதிக்கு எங்களுக்கு வடை பாயசத்தோடு சோறு போட்டார். கைகழுவி வந்து உட்கார்ந்ததும், "பட்டறையில வேலை பழக யாருக்குப்பா விருப்பம்?" என்றார். எல்லோரும் கை தூக்கினோம். என்ன பட்டறை, எந்த ஊர் என்று ஒருவனும் கேட்கவில்லை. பாயசம் ஊற்றிய மனிதரிடம் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஷாஃப்ட்ஸ்பரியையும் சொல்லமாட்டேன். ஆலைப் பிள்ளைகளின் வேலை நேரத்தைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் போராடியவர் அவர். அந்தப் பையன்கள்மேல் அவருக்கு இருந்தது உண்மையான பாசம். தெருவில் கிடந்தவனுக்குக் கப்பல் ஒரு கூரை, மூன்று வேளைச் சோறு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: உயர்ந்த அந்தக் கைகளைச் சம்மதம் என்று என்னால் எண்ண முடியவில்லை. பசியில் கேட்டாலும் சரி என்பான், உண்ட பிறகு கேட்டாலும் சரி என்பான். 'பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடு, உன் இடம் இருக்கும்' என்று சொல்லிவிட்டல்லவா கேட்டிருக்க வேண்டும்? யாரையும் கேட்காமலே பிள்ளைகளை ஏற்றிய கப்பல்களில் என்ன நடந்தது தெரியுமா? மெர்சியில் நின்ற 'கிளாரன்ஸ்' கப்பலை 1884-இல் அதிலிருந்த பையன்களே கொளுத்தினார்கள்.

எங்கள் பந்தியில் தேர்ந்தெடுத்தது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை. மூன்றாம் நாள் இரவு நடந்தே திரும்பி வந்துவிட்டான். அவன் இடத்துக்கு வேறொரு பையன் வந்திருந்தான். வார்டன் சேர்க்கவில்லை. விடிந்ததும் அவன் டிரங்குப் பெட்டியைப் பேருந்து நிறுத்தம்வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.