கியூ முனையும் தரவரிசைக் கணக்கும்: ஸ்னூக்கர் கேள்வி-பதில்

கேள்வி: அமெச்சூர் பட்டங்கள் சில வென்றவர், தொழில்முறை ஆட்டக்காரர் ஆக எந்த வாசலில் நிற்க வேண்டும்?

பதில்: பட்டம் எத்தனை இருந்தாலும், உலக ஸ்னூக்கர் டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடும் உரிமையான 'கார்டு' கையில் இல்லாதவரை அவர் அமெச்சூர்தான். உலக, கண்டப் பட்டங்கள் சிலவற்றை வென்றால் கார்டு நேரடியாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு 'கியூ ஸ்கூல்'. பெயரைப் பார்த்துப் பயிற்சிப் பள்ளி என்று நினைக்க வேண்டாம். கட்டணம் கட்டி ஆடும் தகுதிப் போட்டி அது. ஒவ்வோர் ஆட்டமும் அதிகபட்சம் 7 ஃபிரேம் (பந்துகளை அடுக்கித் தொடங்கும் ஒரு சுற்று ஒரு ஃபிரேம்). 4 எடுத்தவர் மேலே போவார். இத்தனை குறுகிய ஆட்டத்தில் முதல் இரண்டு ஃபிரேம் கைநழுவினால் மீள்வது கடினம். நிதானமாகச் சூடுபிடிக்கும் ஆட்டக்காரர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

கேள்வி: கார்டு கிடைத்த பிறகும் பலர் இரண்டே ஆண்டில் காணாமல் போவது ஏன்?

பதில்: கார்டின் ஆயுளே இரண்டு சீசன்தான். அது முடியும்போது தரவரிசையில் முதல் 64 பேருக்குள் இருக்க வேண்டும். அந்த ஓராண்டு வரவை மட்டும் வைத்துப் போடும் பட்டியலில் முன்னே நிற்கும் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

2014-15 சீசனிலிருந்து தரவரிசைப் புள்ளி என்பது பரிசுப் பணம்தான். ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. கடைசி இரண்டாண்டு வரவை மட்டுமே கூட்டுவார்கள். புதியவர் பூஜ்யத்தில் தொடங்குகிறார். எதிரே நிற்பவர் கணக்கிலோ போன ஆண்டு வரவும் சேர்ந்திருக்கும். அதனால் முதல் சீசனில் பட்டியலின் அடியில் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்த சீசனை வீணாக்கினால், இரண்டாவதில் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டியிருக்கும்.

பழைய வரவு கழிவதையும் கவனியுங்கள். உலகச் சாம்பியன் கணக்கில் ஏறும் 5,00,000 பவுண்டு, இரண்டாண்டு கழித்து அதே போட்டி முடியும்போது மொத்தமாக இறங்கிவிடும். முன்னணியில் இருப்பவர் திடீரென்று பத்து இடம் சறுக்கினால் ஆட்டம் கெட்டுவிட்டது என்று உடனே எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் காரணம் இந்தக் கழிவுதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. நேரடியாகப் பின்சுற்றில் நுழையும் ஆட்டக்காரர் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றால், பணம் கைக்கு வரும், புள்ளி ஏறாது.

தரவரிசையில் முதல் 16 பேருக்குள் இருந்தால், உலகச் சாம்பியன் போட்டி நடக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர க்ரூசிபிள் அரங்கில் நேராக இறங்கலாம். மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில், ஆட்டத்துக்கு 10 ஃபிரேம் எடுத்து, மிச்சமுள்ள 16 இடங்களைப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: தான் ஆடாத ஆட்டத்தில் ஆட்டக்காரர் பந்தயம் கட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்னூக்கர் ஆட்டம் எதிலும் கூடாது. தோற்றுக் கொடுக்கச் சொல்லி யாராவது அணுகினால் மறுப்பதோடு விட்டுவிடவும் முடியாது. அதைத் தொழில்முறை ஸ்னூக்கர் சங்கத்திடம் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

கேள்வி: நேராக அடிப்பதாகத்தான் தோன்றுகிறது. நீள பாட் (தூரத்துப் பந்தைக் குழியில் தள்ளும் அடி) மட்டும் தவறிக்கொண்டே இருக்கிறது. கோளாறு எங்கே?

பதில்: மற்ற பந்துகளை எடுத்துவிட்டு, வெள்ளைப் பந்தைப் பிரவுன் பந்துக்குரிய புள்ளியில் வையுங்கள். நீலம், பிங்க், கருப்புப் புள்ளிகளின் மேலாக ஓடி, எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பு) பட்டு, கியூ (அடிக்கும் கோல்) முனைக்கே திரும்பி வரும்படி நடுவில் அடியுங்கள். அடித்த பிறகு அசையாமல் குனிந்தே இருங்கள்.

போகும்போதே புள்ளிகளை விட்டு விலகினால், நிற்கும் கோட்டிலோ குறியிலோ பிழை. புள்ளிகள் மேல் ஒழுங்காகப் போய், குஷனில் பட்டதும் வலப்பக்கம் விலகி வந்தால், உங்களை அறியாமல் வெள்ளையின் வலப்புறம் அடித்து அதைச் சுழலவிடுகிறீர்கள். இடப்பக்கம் வந்தால் இடப்புறம். பெரும்பாலும் பின்கை கியூவை இறுக்கிப் பிடிப்பதும், பந்து குழியில் விழுகிறதா என்று அவசரப்பட்டுத் தலை தூக்குவதுமே காரணம். பிடியைத் தளர்த்தி, மெதுவான வேகத்தில் 20 முறை அடித்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். வேகம் கூடும்போதுதான் உண்மை தெரியும்.

கேள்வி: கியூ முனையில் ஒட்டும் தோல் துண்டான டிப்பை நானே மாற்றினேன். இரண்டே நாளில் கழன்றுவிட்டது.

பதில்: ஒட்டும் முகங்கள் சமதளமாக இருந்திருக்காது. பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுத்த பின், கியூ முனையைச் சுற்றியுள்ள பித்தளை வளையமான ஃபெரூலின் முகத்தில் பழைய பசை துளியும் தங்கக் கூடாது. சமமான கட்டைமேல் வைத்த உப்புத்தாளில் கியூவைச் செங்குத்தாகப் பிடித்து லேசாகத் தேய்த்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் பித்தளையும் மரமும் குறைந்துகொண்டே போகும். சாய்த்துத் தேய்த்தால் முகமே கோணலாகிவிடும். புது டிப்பின் அடிப்பக்கத்தையும் அதே தாளில் சொரசொரப்பாக்குங்கள்.

கெட்டியான சூப்பர் க்ளூ ஒரே ஒரு துளி. அதிகமானால் தோலுக்குள் ஊறிக் கல்லாகிவிடும். அடிக்கும்போது 'டக்' என்று செத்த ஓசை வரும். நடுவில் பொருத்தி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு கியூவைத் தலைகீழாகப் பலகைமேல் ஊன்றி, வெளியே பிதுங்கிய ஓரத்தை ஃபெரூலின் ஒட்டிலேயே சீவுங்கள். கடைசியில் மேல்முகத்தைக் கவிழ்த்த கிண்ணம்போல வளைவாக்குங்கள். தட்டையாக விட்டால் சாக் (வழுக்காமலிருக்க டிப்பில் தேய்க்கும் பொடிக்கட்டி) ஒழுங்காகப் பிடிக்காது, கியூ வழுக்கும்.

போட்டிக்கு முந்தின நாள் மட்டும் டிப் மாற்றாதீர்கள். புதுத் தோல் இறுகச் சில நாள் ஆட்டம் தேவை. அதுவரை ஓரம் காளான்போல விரியும், அவ்வப்போது சீவ வேண்டியிருக்கும்.