துறைமுகங்கள் சண்டை போடட்டும், நீங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி அடுத்த ஆகஸ்ட்டில் குடும்பமாக 11 பேர் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போக நினைக்கிறோம். விசாகப்பட்டினமும் கொச்சியும் கப்பலை இழுக்கப் போட்டி போடுகின்றன, இப்போதே முழுப் பணமும் கட்டினால்தான் சென்னையில் ஏறும் இடம் உறுதி என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா? கட்டிய பிறகு கிளம்பும் ஊரை மாற்றிவிட்டால் என்ன செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். முழுப் பணத்தை இப்போது கட்டவே கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏஜென்ட் சொன்னதில் போட்டி என்கிற பகுதி நிஜம்தான். ஒரு கப்பல் ஓர் ஊரை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கும், அங்கிருந்தே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கும் வருமானத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. கிளம்பும் ஊருக்குத்தான் பயணி முந்தின நாளே வந்து ரூம் போடுகிறார், டாக்ஸி பிடிக்கிறார். கப்பலுக்கு வேண்டிய காய்கறி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஏறும். அதனால் கட்டணத்தைக் குறைத்தாவது கப்பலைக் கூப்பிடுகிறார்கள். விசாகப்பட்டினத்தில் 2023 செப்டம்பரில் சுமார் 96 கோடி ரூபாயில் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கென்றே முனையம் திறந்தார்கள். மும்பையில் 2025 செப்டம்பரில் ஆண்டுக்கு 10 லட்சம் பேர் வந்துபோகலாம் என்று இன்னொன்று. கொச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று. இந்த நான்கு துறைமுகமுமே மத்திய அரசின் ஒரே அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரு பொம்மைக்கு அடித்துக்கொள்கிற கதைதான். பொம்மையும் பெரும்பாலும் ஒன்றேதான்: 2021-லிருந்து இந்தியத் துறைமுகங்களையே வீடாக வைத்து ஓடிய பெரிய கப்பல் கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ், அதுவும் 1990-ல் கட்டியது. முனையத்துக்கு டெண்டர் விடத் தெரிந்தவர்களுக்கு அதில் நிற்கக் கப்பல் எங்கிருந்து வரும் என்று யோசிக்க நேரமில்லை. 2029-க்குள் பயணிகளை இரட்டிப்பாக்குவோம் என்று 2024-ல் ஒரு திட்டமும் தொடங்கியாயிற்று. சரி, நம் விஷயத்துக்கு வருவோம்.

கப்பல் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அமைச்சரைவிடக் காற்றுதான் அதிகம் முடிவு செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பை, கோவா, கொச்சிப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கப்பல் வங்கக் கடல் பக்கம் வந்துவிடுகிறது, பிறகு வடகிழக்குப் பருவமழையும் புயலும் நெருங்கும்போது மேற்கே திரும்பிவிடுகிறது. எனவே ஆகஸ்ட்டில் கொச்சி இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது வெறும் பூச்சாண்டி. விசாகப்பட்டினம் வந்தால் சென்னை போய்விடும் என்பதும் இல்லை, 2025-ல் விசாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை மூன்றும் ஒரே சுற்றில்தான் இருந்தன. மாறக்கூடியது தேதியும் சுற்றின் வரிசையும். அதைத் தடுக்க உங்களாலும் முடியாது, ஏஜென்ட்டாலும் முடியாது. முழுப் பணம் கட்டினால் சென்னையில் ஏறுவது உறுதி என்று சொல்ல அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

எனக்கு நிஜமான பயம் இந்த ஏஜென்ட்டுகளைப் பற்றித்தான். நடப்பது இப்படி: ஏஜென்ட் கப்பல் கம்பெனியிடம் இருபது முப்பது அறைகளைக் கொஞ்சம் முன்பணத்தில் மொத்தமாகப் பிடித்து வைப்பார், சில பேர் அதுகூடச் செய்வதில்லை. உங்களிடம் முழுப் பணமும் வாங்கி, கம்பெனி கொடுத்த கடைசித் தேதி வரை தன் தொழிலில் சுழற்றுவார். உங்கள் கையில் இருப்பது அவரே அச்சடித்த ஒரு வவுச்சர். அதில் கப்பல் படம் அழகாக இருக்கும், கம்பெனி கொடுக்கும் முன்பதிவு எண் மட்டும் இருக்காது. 11 பேரின் பெயரும் உள்ள முன்பதிவு எண்ணை வாங்குங்கள், வாங்கியதும் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே பேசி அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்கிற நம்பருக்கு அல்ல, அதை எடுப்பவர் அவருடைய மச்சானாக இருக்கலாம். பணத்தை முடிந்தவரை நேராகக் கம்பெனிக்கே கட்டுங்கள். தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பினால் ஐந்து ரூபாய் குறையும் என்றாலும் வேண்டாம்.

விலையிலும் ஒரு விளையாட்டு உண்டு. விளம்பரத்தில் 'ஒருவருக்கு' என்று போடும் தொகை ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் வரும் கணக்கு. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை எல்லாம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். உங்களுக்கு 11 பேர். அந்தப் பதினோராவது ஆள் தனி அறையில் போனால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் விழும். ஓர் அறையில் மூன்று பேர் தங்கும் கணக்கில் விலை கேளுங்கள். குரூப் தள்ளுபடி என்று அவர் காட்டுவதைவிட இதில் மிச்சமாவது அதிகமாக இருக்கும்.

கம்பெனியிடமே கட்டினால் மட்டும் நூறு சதவீதம் பத்திரமா என்றால், இல்லை. மும்பையிலிருந்து 2019-ல் கோலாகலமாகத் தொடங்கிய ஜலேஷ் என்ற கம்பெனி 2020-ல் கொரோனாவில் மூடிக்கொண்டது, அதன் கர்ணிகா கப்பல் உடைக்க குஜராத்தின் அலங் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் சொல்கிறேன், இப்போது முன்பணம் மட்டும், மீதியைக் கம்பெனி எழுத்தில் கொடுக்கும் கடைசித் தேதிக்குக் கொஞ்சம் முன்னால்.

இனி இரண்டாவது கேள்வி. மாற்றம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. போகிற வழியில் ஓர் ஊரை விட்டுவிடுவது ஒன்று, ஏறுகிற ஊரையே மாற்றுவது வேறொன்று. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன எம்ப்ரஸ் கப்பலைச் சூதாட்டப் பிரச்சினையில் புதுச்சேரி அரசு அனுமதிக்கவில்லை, பயணிகள் கரையைக் கடலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். (அதே கப்பல் 2025 ஜூலையில் அதே புதுச்சேரிக்கு வந்தது. நம் நிர்வாகம்!) இப்படி வழியில் ஓர் ஊர் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் திரும்ப வராது, வழியை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்று டிக்கெட் நிபந்தனையில் எழுதியே வைத்திருப்பார்கள். சென்னையில் ஏற டிக்கெட் வாங்கியவரை விசாகப்பட்டினத்துக்கு வரச்சொல்வது அப்படியல்ல. நீங்கள் வாங்கியது அதை அல்ல. எனக்கு வேண்டாம், முழுத் தொகையும் திருப்பிக் கொடுங்கள் என்று உடனே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். போனில் பேசி, அவர்கள் கொடுக்கும் 'அடுத்த பயணத்துக்கான வவுச்சரை' வாங்கிக்கொண்டால் கதை முடிந்தது.

இதற்கு விலக்கு புயல். துறைமுகத்தையே மூடினால் கம்பெனி என்ன செய்யும், நியாயம்தான். ஆனால் புயல் என்கிற வார்த்தையை ஏஜென்ட்டுகள் எல்லாவற்றுக்கும் போர்த்திவிடுகிறார்கள், அதனால் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பாருங்கள். 1-ம் எண், 2-ம் எண் எச்சரிக்கைக் கூண்டு என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்றுதான் பொருள். துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து இல்லை. 3, 4 வந்தால் துறைமுகத்திலேயே காற்று மோசமாகலாம். 5 முதல்தான் அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம். அந்த நிலைக்கு ஏறும்போது உள்ளே நிற்கிற கப்பல்களைக்கூட வெளிக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதியில் எந்தக் கூண்டு ஏற்றினார்கள் என்பது மறுநாள் பேப்பரில் வந்துவிடும், வெட்டி வையுங்கள். 1-ம் எண் கூண்டு ஏறிய நாளில் 'புயலால் ரத்து' என்று சொன்னவரிடம் நீட்ட உதவும். ஆகஸ்ட்டில் இதற்கான வாய்ப்பு குறைவு, நவம்பருக்குத் தள்ளிப்போட யோசனை இருந்தால் சொல்கிறேன்.

பணம் வரவில்லை என்றால் முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கு மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்; கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தீர்ப்பு எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள், வாய்தா வாங்கியே எதிர்த்தரப்பு உங்களைக் களைப்பாக்கும். அதனால்தான் இத்தனை முறை முன்னாலேயே கத்துகிறேன்.

கடைசியாக ஒன்று, ஏஜென்ட் இலங்கை வழியும் சொல்லியிருந்தால். சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று 2023 ஜூனில் தொடங்கினார்கள். அப்படி ஒரு பயணம் என்றால் அது வெளிநாடு: 11 பேருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், அதில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், மேலே, விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரியும் பிடிப்பார்கள். அந்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறினால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; ஏஜென்ட் ரொக்கமாக வாங்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தால், வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பெயரில் அது ஏறவில்லை என்பது தெரிந்துவிடும். உள்நாட்டுச் சுற்று மட்டும் என்றால் பெரியவர்களுக்கு ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை போதும். பாட்டிக்கு அவசரமாக பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள் என்றால் கொடுக்காதீர்கள்.